சோம்புத் தண்ணீருக்கு ஒரு ஜெர்மன் பெட்டி

காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் இந்த ஊரில் செவிடு என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டாவது பிள்ளை பிறந்து மூன்று வாரம் ஆகிறது. ஜெர்மனிக் குளிர்காற்று காதில் ஏறக்கூடாது என்பது எங்கள் மலையூர் பண்ணைக்காட்டிலிருந்து அம்மா போனில் போட்ட உத்தரவு. அப்போதெக்கே என்று இவர்கள் சொல்லும் மருந்துக்கடையில் இருந்த பெண், "காது வலியா?" என்று கத்தினாள். "இல்லை, காற்று" என்றேன். அவள் போய்க் கடைக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு தள்ளுவண்டியில் பிள்ளையைப் பார்த்து, ஒரு பெட்டியை எடுத்து நீட்டினாள். ஷ்டில்டே. பால் கொடுக்கும் தாய்மாருக்கான தேநீராம். உள்ளே இருப்பது சோம்பும் வெந்தயமும். எங்கள் அஞ்சறைப்பெட்டியில் கிடப்பதுதான். சிரிப்பு வந்தது, வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பின்பக்கம் படித்தபோது சிரிப்பு போய்விட்டது. ஒரு நாளைக்கு நாலு பெரிய கோப்பை குடிக்க வேண்டும் என்று போட்டிருந்தது. நாலு கோப்பை தண்ணீர்!

ஆறு வருடத்துக்கு முன்னால் மூத்தவளைப் பெற்று அம்மா வீட்டில் கிடந்தேன். மருந்துக்குக் குறைவில்லை. மலைப்பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுத்தாள். முருங்கைக்கீரை, வெந்தயக் களி, தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடி. தண்ணீர் மட்டும் கிடையாது. சாப்பாட்டுக்குப் பின் அரை டம்ளர் வெந்நீர், அவ்வளவுதான். தாய் தண்ணீர் குடித்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்குமாம். மலைக்குளிர் என்பதால் எங்கள் வீட்டில் கெடுபிடி இன்னும் அதிகம். குளியலறை வாளியில் கையை விட்டு அள்ளிக் குடித்தேன். அம்மா பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து கதவைத் திறந்துவைத்துக்கொண்டுதான் குளித்தேன். பால் குறைந்தது, பிள்ளை கத்தியது, வத்தலக்குண்டிலிருந்து பால்மாவு டின் வந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் எனக்குப் பால் இல்லை என்றார்கள். என் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கிடந்ததை ஒருத்தரும் கேட்கவில்லை. ஆறு வருடமாக நானும் என் உடம்பைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால்தான் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே ஊருக்கு வீடியோவில் கூப்பிட்டேன். காரணம், தங்கை செல்வி பிள்ளை பெற்று ஒன்பது நாள். அதே வீடு, அதே கட்டில். அவள் உதடு வெடித்திருந்தது. மடியில் பிள்ளை கத்திக்கொண்டிருந்தது.

"நாக்கு ஒட்டுதுக்கா" என்றாள்.

"யம்மா, அவளுக்குத் தண்ணி குடும்மா."

"ஒன் சோலியப் பாருடி. களவாண்டு தண்ணி குடிச்சுத்தான் ஒனக்குப் பால் வத்துச்சு. இவளையும் கெடுக்கப் பாக்குறியா?"

"அவ ஒதட்டப் பாரு, வெடிச்சுக் கெடக்கு!"

"பூண்டு குடுத்துட்டுத்தான இருக்கேன். அதுக்கும் ஊறலைன்னா மாவு டின்னு வாங்கியாரச் சொல்லிருக்கு."

கத்தினேன். அழுதேன். அம்மா அசையவில்லை. கடைசியில் பெட்டியைத் தூக்கிக் கேமரா முன்னால் காட்டினேன். "இங்க மருந்துக்கடையில குடுக்குறதும்மா. சோம்பு. ஒரு நாளைக்கு நாலு செம்பு தண்ணியில கொதிக்கவச்சு, பூராத்தையும் குடிக்கணும். மிச்சம் வச்சா மருந்து பிடிக்காது."

நாலு கோப்பையை நாலு செம்பு ஆக்கியதும், மிச்சம் வைக்கக்கூடாது என்றதும் என் சொந்தச் சரக்கு.

அம்மா கண்ணை இடுக்கிப் பெட்டியைப் பார்த்தாள். "செர்மனி மருந்தா? இத மொதல்லயே சொல்லவேண்டியதுதானடி" என்று அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அஞ்சறைப்பெட்டிச் சோம்பைக் கொதிக்கவைத்து ஆற்றிச் செம்போடு வந்தாள். "வெரசாக் குடி, மிச்சம் வைக்காத." செல்வி அதை ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். சோம்பு பாலைக் கொண்டுவருமா என்று எனக்குத் தெரியாது. தாகம் எடுத்தவளுக்குத் தண்ணீர் வேண்டும் என்று தெரியும். பெற்ற மகள் சொன்னால் அது ஏறாது, அட்டைப்பெட்டி சொன்னால் ஏறும்.

"அந்தப் பெட்டிய அனுப்பிவிடு, பக்கத்து வீட்டுல காட்டணும்" என்றாள் அம்மா.

மறுநாள், அம்மா முன்பே அனுப்பியிருந்த மலைப்பூண்டைப் பாலில் வேகவைத்துக் குடித்துவிட்டு, மேலே ஒரு செம்பு தண்ணீரும் குடித்துவிட்டு, பெட்டியைப் பார்சல் கட்டிக்கொண்டு தபால் நிலையத்துக்குக் கிளம்பினேன். வாசலில் காற்று அடித்தது. திரும்பிப் போய்ப் பஞ்சை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். அங்கே பார்சலை வாங்கிய பெண், எங்கே அனுப்ப வேண்டும் என்று காது கிழியக் கத்தினாள். பஞ்சை நான் எடுக்கவில்லை.