இடது தோள் ஒட்டு

தொழிற்சாலையில் அவளை எல்லோரும் 'காதுக்காரி' என்றுதான் கூப்பிடுவார்கள். இதய நோயாளிகள் அணியும் உள்சட்டை அங்கே தயாரானது. வெள்ளிப் பூச்சுள்ள துணிப்பட்டைகள் அதற்குள் கம்பிபோல ஓடி, நெஞ்சுத் துடிப்பை ஒரு சிறு கருவிக்குக் கொண்டுபோகும். துடிப்பு தடுமாறினால் வீட்டாரின் போன் அலறும். பட்டைகளை ஒட்டுவது அவள் வேலை. ஊசி, நூல், பசை எதுவும் கிடையாது. காதுக்கு எட்டாத வேகத்தில் அதிரும் உலோகக் கட்டை துணிகளை அழுத்தும். உரசலின் சூட்டில் அவை உருகி ஒன்றாகிவிடும். தையல்கடை வைத்திருந்த கணவன், "ஊசி புடிக்கத் தெரியாதவளுக்கு என்னைவிட நல்ல சம்பளம்" என்று கேலி செய்வான்.

அதிர்வு காதுக்கு எட்டாவிட்டாலும், கட்டை துணியில் இறங்கும்போது 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும். அது சற்றுக் கரகரத்தால் போதும், மின்சாரம் ஓடுகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பதற்கு முன்பே ஒட்டு சரியில்லை என்று சொல்லிவிடுவாள். ஒன்பது வருடத்தில் அந்தக் காது பொய் சொன்னதில்லை.

ஒரு மத்தியானம் ஓர் இளம்பெண் துணிப்பையோடு வந்தாள். பைக்குள் அவளுடைய அப்பாவின் சட்டை. வேன் ஓட்டியவர். ஒரு நாள் காலையில் நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை, போன் மூச்சுவிடவில்லை.

சூப்பர்வைசர் சட்டையை விரித்தார். இடது தோளில் பட்டை விட்டுப்போயிருந்தது.

"எப்படிம்மா துவைச்சீங்க?"

"ஒரே ஒரு தடவை வெந்நீர்ல போட்டுட்டேன் சார். வேர்வை வாடை போகலன்னு."

"கூடாதுன்னு அட்டையிலயே போட்டிருக்கே."

அவள் காலிப் பையை மடித்து மடித்து உள்ளங்கைக்குள் அடக்கிக்கொண்டு போனாள்.

சட்டை விளிம்பில் இருந்தது காதுக்காரியின் மேசை எண். பக்கத்திலிருந்த தயாரிப்புத் தேதியைப் பார்த்தாள். மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டதாகப் போன் வந்த நாள். அன்றைய கடைசிச் சட்டை. இடது தோளில் சத்தம் கரகரத்தது. கேட்கத்தான் கேட்டது. மீட்டர் சரியான அளவைக் காட்டவே, பெட்டியில் போட்டுவிட்டு ஓடினாள்.

அந்தப் பெண் வந்துபோன பிறகு குழாய்த் தண்ணீரிலும் குக்கர் விசிலிலும் அந்தக் கரகரப்புதான். கட்டை இறங்கும்போதெல்லாம் துணிக்கடியில் யாரோ திணறுவதுபோல இருக்கும். நல்ல ஒட்டுகளைக்கூடப் பிய்த்துப் போட்டாள்.

"மீட்டர் சரின்னுதானே காட்டுச்சு? அப்புறம் என்ன?" என்றான் கணவன்.

"என் காது சொல்லுச்சே."

பதினேழாம் நாள் சூப்பர்வைசரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"யாரும் உன்னைக் கேக்கலையேம்மா" என்றார் அவர். ஆனாலும் மேலிடத்துக்கு எழுதினார். அந்த வாரத்துச் சட்டைகளைத் திரும்ப வரவழைத்தார்கள். அவளைப் பெட்டி கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள்.

இறந்தவரின் மகள் வீட்டுக்கும் போனாள். கதவைத் திறந்தவள் உட்காரச் சொல்லவில்லை. காதுக்காரி வாசலில் நின்றபடியே சொல்லி முடித்தாள்.

"நான்தான் எங்கப்பாவைக் கொன்னுட்டேன்னு இத்தனை நாளா நெனச்சுக்கிட்டிருக்கேன். அந்த வெந்நீர் வாளியைப் பார்க்கவே முடியாம தூக்கி எறிஞ்சேன், தெரியுமா?"

"அதுக்குத்தாம்மா வந்தேன்."

கதவு மூடிக்கொண்டது.

இரண்டு மாதம் கழித்து, சாப்பாட்டு வேளையில் போன் வந்தது.

"அக்கா, நான்தான். அந்த ஒட்டு சரியா இருந்திருந்தா வெந்நீரைத் தாங்கியிருக்குமா?"

காதுக்காரி கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்தாள். "தெரியலம்மா. வெந்நீர்ல போடாம இருந்திருந்தா அந்த ஒட்டு நின்னிருக்குமான்னும் தெரியல."

அந்தப் பெண் இன்னமும் கூப்பிடுகிறாள். கேட்பது அதே கேள்வி. பதிலும் அதேதான்.