ஜெயமணியிடம் கேட்காத நகல்

அஜ்மானில் கூரை இல்லாமல் பிழைப்பது எப்படி என்று ஒரு வகுப்பு வைத்தால், அதை எடுக்கத் தகுந்த ஆள் சோலையப்பன் அண்ணன்தான். அங்கிருந்து ஊருக்குக் கிளம்புவது எப்படி என்ற பாடத்தில் மட்டும் அவருக்கு ஒரு மார்க் கூடப் போட முடியாது.

திருவாடானைப் பக்கத்துக்காரர். நாற்பத்தேழு வயது. பதினோரு வருடம் துபாயிலும் ஷார்ஜாவிலும் கட்டிடங்களுக்குக் கம்பி கட்டியவர். ஆகஸ்டில் கம்பெனி முதலாளி காணாமல் போனார். கேம்ப்பில் முதலில் தண்ணீர் நின்றது, அடுத்து கரன்ட் நின்றது, கடைசியில் கேம்ப்பையே பூட்டிவிட்டார்கள். பாஸ்போர்ட்டுகளெல்லாம் ஆபீஸ் அலமாரியில் இருந்தன. அந்த ஆபீசில் இப்போது வேறு யாரோ டைல்ஸ் விற்கிறார்கள். விசாவும் முடிந்துபோனது. கூட இருந்தவர்கள் அவரவர் ஊர்க்காரர்களின் ரூம்களுக்குப் போய் ஒட்டிக்கொண்டார்கள். இவர் பூங்காவுக்குப் போனார்.

ஏன் அப்படி என்று கேட்டேன்.

"அங்க போயி நான் பாய விரிக்கிறதுக்குள்ள ஊர்ல தெரிஞ்சிரும் தங்கச்சி. எங்காளுக வாட்ஸ்அப் அப்படி."

மூன்று வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு, அக்டோபரில்தான் அஜ்மானிலுள்ள என் பெற்றோரின் பிளாட்டுக்குத் திரும்பியிருந்தேன். வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. பொதுமன்னிப்புக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் சிறிய குழு ஒன்றில் சேர்ந்தேன். விசா முடிந்தவர்கள் அபராதமில்லாமல் நாட்டை விட்டுப் போகலாம்; டிசம்பர் முப்பத்தொன்று கடைசித் தேதி. நவம்பர் தொடக்கத்தில் சோலையப்பன் அண்ணனின் பெயர் என் பட்டியலில் வந்தது. நாலு நாட்டு ரயில் நிலையங்களில் படுத்துத் தூங்கியிருக்கும் தைரியத்தில் அவருக்கு யோசனை சொல்லப் போனேன். ஐந்தாவது நிமிடத்தில் அவர் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரே இடத்தில் தொடர்ந்து மூன்று நாள் படுக்காதே. அட்டையை இரண்டு அடுக்காகப் போடு. குளிர்காலத்து ஈரம் தரையிலிருந்துதான் ஏறும். பள்ளிவாசல் வாசலில் குளிர்ந்த தண்ணீர் உண்டு, குடிக்கிறவன் எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை. ஆகஸ்ட் வெயிலில் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தாலும் மயக்கம் வரும், ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக்கொள். சிறுநீர் அடர் மஞ்சளாக வந்தால் அன்றைக்கு வேலை தேடி நடக்காதே. அரபியில் எழுதிய எந்தத் தாளிலும் யாரையாவது படித்துக் காட்டச் சொல்லாமல் கையெழுத்துப் போடாதே. சாப்பாடு இல்லாவிட்டாலும் சிம் கார்டைச் சாக விடாதே, தூதரகத்திலிருந்து அந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவார்கள்.

"பகல்ல பெரிய கடைக்குள்ள போயி ஏசில நிக்கலாம். ஆனா கையில ஒரு கூடை இருக்கணும். சும்மா நின்னா செக்யூரிட்டி கேப்பான். கூடையோட நின்னா, என்ன வாங்கலாம்னு யோசிக்கிறான்னு நெனச்சுக்கிருவான்."

இதையெல்லாம் புதிதாகத் தெருவுக்கு வந்த ஹஸ்னைன் என்கிற லாகூர் பெயின்டருக்கும் ஹிந்தியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அந்த ஹஸ்னைன் நவம்பரிலேயே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்!

சோலையப்பன் அண்ணன் ஊர் போகத் தூதரகத்தில் அவுட்பாஸ் வாங்க வேண்டும். அது பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக, ஒரே ஒரு பயணத்துக்குக் கொடுக்கிற காகிதம். பழைய பாஸ்போர்ட்டின் நகல் இருந்தால் சில நாளில் கிடைத்துவிடும். நகல் இல்லையென்றால், ஊரில் போலீஸ் விசாரித்துப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் கடைசித் தேதி போய்விடும். நகல் அவர் வீட்டு பீரோவில் இருந்தது. மனைவி ஜெயமணி அதை எடுத்து, போட்டோ பிடித்து அனுப்பினால் போதும். இவர் கேட்க மாட்டேன் என்றார்.

கேட்டால் ஏன் என்று கேட்பாராம். ஏனென்றால், ஜெயமணியைப் பொறுத்தவரை அண்ணன் இன்னும் வேலையில் இருக்கிறார். சம்பளம்தான் கம்பெனியில் தள்ளிப்போகிறது.

பதினோரு வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் ரூமிலிருந்து வீடியோ காலில் பேசிப் பழக்கம். இப்போது காட்ட ரூம் இல்லை. அதனால் ஒரு ஹெல்மெட்டும் பச்சை மேல்சட்டையும் பையில் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை அவற்றை மாட்டிக்கொண்டு, பாதி கட்டிய ஏதாவது கட்டிடத்து வேலியோரம் நின்று பேசுவார். "சைட்டுன்னா ரூமக் காட்டுன்னு கேக்கமாட்டா பாரு" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

ஆறு வாரம் அவர் பின்னால் அலைந்தேன். ஒரு வாரம் ஜெயமணிக்குக் கண்வலி என்றார். அடுத்த வாரம் பீரோ சாவி மச்சானிடம் இருக்கிறது என்றார். அதுவும் தீர்ந்ததும், "நீட்டிப்பாங்க தங்கச்சி. அக்டோபர்லயும் கடைசின்னுதான் சொன்னாங்க, நீட்டலையா?" என்றார். நீட்டினார்கள்தான், அதுதான் இன்னும் எரிச்சல்.

"நீட்டலைன்னா என்னண்ணே செய்வீங்க?"

"அப்ப பாத்துக்கிருவோம்."

டிசம்பர் இருபது, வெள்ளிக்கிழமை. கௌஸ் முகைதீன் பாயின் மளிகைக்கடையில் அவரைப் பிடித்தேன். பாய் அவரைத் தினமும் போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொள்ள விடுவார். அண்ணன் பச்சைச் சட்டையும் ஹெல்மெட்டும் மாட்டித் தயாராக இருந்தார். பதினோரு நாள்தான் பாக்கி என்று கத்தினேன். பேசாமல் விசா புதுப்பிக்க வேண்டும் என்று ஒரு பொய்யைச் சொல்லியாவது நகலை வாங்குங்கள் என்றேன். அதற்கும் தலையாட்டவில்லை.

"கம்பெனி புதுப்பிக்குதுன்னா ஊரெல்லாம் சொல்லிருவா. அப்பறம் நான் வெறுங்கையோட போயி நிக்கவா? தொண்டிக்காரன் திருவாடானைக்காரன் எவனுக்கும் தெரியாமத்தான நாலு மாசத்த ஓட்டிருக்கேன்."

விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த பாய் நிமிர்ந்தார்.

"யோவ் சோலை, நான் எந்த ஊரு?"

"நீங்க... கீழக்கரைன்னு நெனக்கிறேன்."

"தொண்டி. எங்கிட்ட விழுப்புரம்னு சொன்னியே, விழுப்புரத்துல எவன்யா அங்குட்டு இங்குட்டும்பான்? உங்க ஊரு டீக்கடையில உக்காந்து பஸ்ஸுக்குக் காத்துக் கெடந்தவன்யா நானு. மூணு மாசமா எனக்குத் தெரியும். ஊருக்கு ஒரு சொல்லு போச்சா?"

 அண்ணன் பயந்த அந்த ஊர்க்காரர்தான் தினமும் அவருடைய போனுக்குச் சார்ஜ் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"போனைப் போடுய்யா. இல்ல நான் போடவா?" என்றார் பாய்.

அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றக்கூட மறந்து, அங்கேயே நின்று கூப்பிட்டார். ஜெயமணியின் முகம் வந்தது.

"என்னங்க, பின்னாடி அரிசி மூட்டையா இருக்கு? சைட்டுல சோறும் ஆக்கறாகளா?"

"ஏ புள்ள, வேலை இல்ல. கம்பெனி போயி நாலு மாசமாச்சு. பார்க்குலதான் படுத்துக்கிடக்கேன்."

ஜெயமணி போனை முகத்துக்கு அருகே இழுத்தார். பிறகு வெடித்தார்.

"அடப் பாவி மனுசா! உங்க கம்பெனிக்கு வெள்ளிக்கெழம லீவு. பதினோரு வருசமா நீங்கதான சொன்னீக? லீவு நாள்லயும் ஹெல்மெட்டோட நிக்கிறீகளே, ஓவர்டைம் பாத்து அந்தக் காச யாருக்கோ குடுக்குறீகன்னு நான் இங்க ராத்திரி பகலா கெடந்து வேகறேன்! பார்க்குல படுக்கறேன்னு ஒரு வார்த்த சொல்ல என்னா?"

பாய் விலைச்சீட்டுக் கட்டை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு வாரம்!

"பாஸ்போட்டு நகல் வேணும் புள்ள. பீரோவுல இருக்கும். சாவி மச்சாங்கிட்டயா இருக்கு?"

"அதத் தொறக்க உங்க மச்சான் எதுக்கு, சாவி என் இடுப்புலதான் இருக்கு. வைங்க போன."

முதலில் ரேஷன் கார்டு வந்தது. அடுத்து அவருடைய ஆதார், தலைகீழாக. மூன்றாவதாக வந்ததில் ஜெயமணியின் கட்டைவிரல்தான் பெரிதாகத் தெரிந்தது. நான்காவது, பாஸ்போர்ட் நகல், எண் பளிச்சென்று. கடிகாரத்தைப் பார்த்தேன். மொத்தம் பதினோரு நிமிடம் ஆகியிருந்தது.

அடுத்த வாரம் அவுட்பாஸ் வந்தது, வெளியேறும் அனுமதியும் வந்தது. குழு டிக்கெட் எடுத்துக் கொடுத்தது. இருபத்தொன்பதாம் தேதி, திருச்சி விமானத்துக்கு அவரை என் அப்பாவின் காரில் கொண்டுபோய் விட்டேன். வழியில் ஜெயமணி இரண்டு தடவை கூப்பிட்டு, ஏறியாச்சா, ஏறியாச்சா என்று கேட்டார்.

விமான நிலையக் கதவருகே அண்ணன் நின்று விரல் விட்டுக் கணக்குப் போட்டார்.

"இருவத்தொம்பது, முப்பது, முப்பத்தொண்ணு. இன்னும் ரெண்டு நாள் மிச்சம் கெடக்கு பாத்தியா? இதுக்குப் போயி அந்தக் கத்துக் கத்துனியே தங்கச்சி."

"உள்ளே போங்கண்ணே" என்று முதுகில் கைவைத்துத் தள்ளினேன்.