லைன் செத்த பதினொரு நாட்கள்

லைன் நன்றாக இருக்கும்வரை அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருப்பதே யாருக்கும் தெரியாது; செத்த நிமிடத்தில் அவன் பெயர் மில் முழுக்கக் கேட்கும். இந்த வேலையில் இருந்தவர்களுக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் துடியலூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் நான் அந்த ஆளாக இருந்தேன். எட்டாவது வரைதான் படிப்பு. படிப்பு குறைவு என்பதால் எதையும் எண்ணி நோட்டில் எழுதிவைத்துக்கொள்வேன். பேசுவதற்குக் கூச்சப்படுகிறவனுக்கு நோட்டு பெரிய துணை. அந்தத் துணை என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சும்மா வந்த புரோகிராம்

அதற்கு முன்பு பத்தொன்பது வருடம் அதே மில்லில் இன்டர்காம் ஒயர் பார்த்தவன் நான். பிறகு ஆபீசுக்கும் ஸ்பின்னிங் யூனிட்டுக்கும் நடுவே ஒன்றரைக் கிலோமீட்டருக்கு ஃபைபர் கேபிள் போட்டார்கள். உள்ளே தலைமுடி கனத்தில் கண்ணாடி நூல். அதில் ஒளி ஓடும். யூனிட்டில் கட்டிய மூட்டைகளின் கணக்கு அந்த ஒளியில் ஏறி ஆபீசுக்கு வரும். வந்தால்தான் லாரிக்குச் சீட்டு அடிக்கலாம்.

லைனைக் கண்காணிக்க ஒரு கருவி கேட்டோம். மேனேஜர் ரங்கராஜ் விலையைப் பார்த்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். கம்ப்யூட்டர் பிரிவில் இருந்த சுமதி, பெருந்துறைப் பெண், ஒரு பத்திரிகையோடு வந்த சிடியைக் கொண்டுவந்தாள். ஒதுக்கிப் போட்டிருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் ஏற்றி, அதில் ஒரு புரோகிராமை ஓட விட்டாள். அது மறுமுனையை அடிக்கடி கூப்பிட்டுப் பார்க்கும். பதில் வந்தால் பச்சை, அறவே வராவிட்டால் சிவப்பும் ஒரு மணிச் சத்தமும். யாரோ எங்கேயோ எழுதி, எழுதிய விதத்தையும் மறைக்காமல் எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்களாம். நமக்கு வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாமாம். மேனேஜர் அந்தப் பச்சையை வெகுநேரம் பார்த்தார். பிறகு சுமதியிடம் கேட்டார்: "சும்மா குடுக்கறான்னா, அவன் ஊட்டுல சோத்துக்கு என்னம்மணி பண்ணுவான்?"

சடை

கேபிள் வந்து முடிகிற இடம் கம்ப்யூட்டர் அறையில் ஓர் இரும்புப் பெட்டி. கேபிள் போட்டவர்கள் உள்ளே கண்ணாடி நூலைப் பெரிய பெரிய வளையமாகத் தொங்க விட்டுப் போயிருந்தார்கள். எனக்கு அது கண்ணை உறுத்தியது. ஒயர் வேலையில் தொங்கல் இருந்தால் வேலைக்காரனுக்கே அவமானம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து, எல்லாவற்றையும் உள்ளங்கை அகல வளையமாகச் சுற்றி, நைலான் டேக் போட்டு இறுக்கினேன். மொத்தம் இருபத்தாறு டேக். டேக் வால்களையெல்லாம் ஒரே அளவில் வெட்டினேன்.

யாரும் என்னைக் கேட்கச் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. திங்கட்கிழமை மேனேஜர் பார்த்துவிட்டு, என் தோளில் தட்டினார். அவர் யாரையும் அப்படித் தட்டுகிறவர் இல்லை. "ஏனுங்க கிட்டுசாமி, பொண்ணுக்குச் சடை பின்னுன மாதிரியில்லைங்க இருக்குது."

பதினான்கில் பதினொன்று

கம்ப்யூட்டர் அறையைக் கூட்டித் துடைப்பது மரகதம். வெள்ளகோவில் பக்கத்துக்காரி. அதற்கு முன்பு கழிவுப்பஞ்சுப் பிரிவில் இருந்தாள். பஞ்சுத் தூசியில் அவளுக்கு இளைப்பு வந்துவிட்டது. பஞ்சு பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகுதான் இந்த அறைக்கு மாற்றினார்கள். மில்லில் தூசி இல்லாத இடம் அது ஒன்றுதான். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவளைப் பற்றி நோட்டில் எழுதினேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

நான் பெட்டியைக் கட்டி முடித்த மறுவாரத்திலிருந்து லைன் சாக ஆரம்பித்தது. மரகதம் பத்தேகாலுக்குக் கூட்டுவாள். பத்தரைக்கு யூனிட்டிலிருந்து கணக்கு வர ஆரம்பிக்கும். உடனே சிவப்பு, மணி. ஓடிப்போய்ப் பெட்டியைத் திறப்பேன், பச்சை வந்துவிடும். அன்று முழுக்க அதைத் திறந்தே வைத்துக் காவல் காப்பேன், ஒன்றும் ஆகாது. வெளியே லாரி டிரைவர்கள் என் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டிருப்பார்கள். நோட்டில் கோடு போட்டு, தேதி, கூட்டிய நேரம், செத்த நேரம் என்று எழுதினேன். பதினான்கு நாளில் பதினொரு நாள், கூட்டிய கால்மணிக்குள் லைன் செத்திருந்தது. நோட்டை மேனேஜர் மேசையில் விரித்து வைத்தேன். வாயால் எதையும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

மறுநாளே மரகதத்தைப் பழையபடி கழிவுப்பஞ்சுக்கு அனுப்பினார்கள். துடைப்பத்தையும் வாளியையும் என்னிடம் எண்ணி ஒப்படைத்தாள். அப்போது ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினாள்: "நான் அந்தப் பெட்டியைத் தொட்டதே இல்லைங்க. தொட்டதை நீங்க பாத்தீங்களா?"

கோடு விழுந்தது

அவள் போன பிறகு முப்பத்து மூன்று நாள் லைன் சாகவில்லை. என் நோட்டு மேல் எனக்கிருந்த மரியாதை கூடிப்போனது. அறையை யாரும் சரியாகக் கூட்டவில்லை, அதுதான் குறை. முப்பத்து நான்காம் நாள் தூசி பொறுக்காமல் நானே கூட்டினேன். பத்தரைக்கு லைன் செத்தது.

இதற்குள் சுமதி அந்தப் புரோகிராமுக்குள் கைவைத்து மாற்றியிருந்தாள். பச்சை, சிவப்பு மட்டும் போதாதென்று, நிமிடத்துக்கு நூறு முறை கூப்பிட்டால் எத்தனைக்குப் பதில் வருகிறது என்று எண்ணிக் கோடாக வரையும்படி செய்திருந்தாள். எண்ணுகிற வேலை என்றதும் எனக்கே அதன்மேல் பிரியம் வந்திருந்தது. அன்றைய கோட்டைக் காட்டினாள். பத்தேகால் வரை நூற்றுக்கு நூறு. பத்து பதினாறுக்குச் சட்டென்று அறுபத்தெட்டு. கணக்கு மொத்தமாக வந்து ஏறியபோதுதான் செத்திருக்கிறது. ஆனால் நோய் கால்மணி முன்பே வந்துவிட்டது.

பத்து பதினாறுக்கு என்ன செய்தீர்கள் என்றாள். கூட்டுவதற்கு முன்னால், தூசி போகக் கூடாதென்று பெட்டியைச் சாத்திப் பூட்டினேன் என்றேன். அவள் திரையைப் பார்த்தபடி என்னைச் சாத்தச் சொன்னாள், திறக்கச் சொன்னாள். ஆறு முறை. வளையங்களை நான் கட்டி நிறுத்தியிருந்த விதத்தில், கதவு சாத்தினால் அவற்றை அழுத்தியது. ஏற்கெனவே இறுக்கத்தில் இருந்த கண்ணாடி நூல் இன்னும் வளைந்து, ஒளி பக்கவாட்டில் வழிந்து போயிருக்கிறது. செம்புக் கம்பிக்கு அழகு எதுவோ அது கண்ணாடி நூலுக்கு ஆகாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை என்று முன்பே சொன்னேன். மரகதம் கூட்ட வருகிறாள் என்பதற்காகவே தினமும் பெட்டியைச் சாத்தியவன் நான். சாத்த மறந்த மூன்று நாள்தான் அந்தப் பதினான்கில் தப்பித்த மூன்று நாள். அவள் போன பின்பு சாத்த அவசியமில்லை, லைனும் சாகவில்லை. என் நோட்டில் அவளுக்கு ஒரு கட்டம் இருந்தது, லைனுக்கு ஒரு கட்டம் இருந்தது, எனக்குக் கட்டம் இல்லை. சுமதிக்கு இதெல்லாம் தெரியாது. அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்: "அண்ணா, கதவு சாத்துனா கோடு விழுகுது. யாருங்கண்ணா டெய்லி சாத்தறது?"

ஒன்பது நாள்

டேக்குகளை வெட்டி வளையத்தைப் பெரிதாக்கக் கால்மணி நேரம் ஆனது. தினமும் சாத்தியது நான்தான் என்றதும், மேனேஜரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றாள் சுமதி. நான் ஒன்பது நாள் சொல்லவில்லை. முதல் நாள் மேனேஜர் ஊரில் இல்லை. மற்ற எட்டு நாளும் இருந்தார். அவர் அறை வாசல் வரை ஐந்து முறை போனேன். இரண்டு முறை வேறு எதையோ கேட்டுவிட்டு வந்தேன். உங்களில் யாராவது இப்படி நின்றிருந்தால், அந்த வாசற்படியின் உயரம் தெரிந்திருக்கும்.

ஒன்பதாம் நாள் ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் கேட்டுக்குப் பக்கத்தில் மரகதத்தைப் பார்த்தேன். மூக்கைச் சுற்றித் துணி கட்டியிருந்தாள். தலைமுடியெல்லாம் பஞ்சு. சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றவள், என்னைப் பார்த்ததும் துணியை இறக்கிவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஏனுங்க, இப்ப லைன் சாகாம இருக்குதுங்களா? எனக்கு அடுத்து வர்றவளையும் அனுப்பிப்போடாதீங்க."

கையெழுத்து

அப்படியே திரும்பி மேனேஜர் அறைக்குள் போனேன். டேக், கதவு, பதினான்கு நாள், முப்பத்து மூன்று நாள், ஒன்பது நாள் எல்லாம் சொன்னேன். சுமதி வரைந்த கோட்டையும் மேசையில் வைத்தேன். ஒன்பது நாளைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை என்று பிறகு சுமதி சொன்னாள். ஆனால் மரகதம் பஞ்சில் இருந்த மொத்த நாளைச் சொல்லும்போது அதைக் கழிக்க எனக்குத் தெரியவில்லை. மேனேஜர் சத்தம் போடவில்லை. என்னை வேலையை விட்டும் அனுப்பவில்லை. தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "உங்க நோட்டை நம்பித்தானுங்க நான் கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போட்டேன். இனி எதை நம்பறதுங்க?"

திங்கட்கிழமை

மரகதம் திங்கட்கிழமை அறைக்குத் திரும்பினாள். இளைப்பு முன்பைவிடக் கூடியிருந்தது. நான்கு அடிக்கு ஒரு தரம் நின்று கூட்டினாள். நான் வாளியை நீட்டி, தப்பு என்னுடையது என்றேன். ஒரு வாரம் சொல்லிப் பார்த்துக்கொண்ட வாக்கியங்களில் அந்த ஒன்றுதான் வெளியே வந்தது. மேனேஜர் எல்லாம் சொல்லிவிட்டார் என்றாள். வாளியை வாங்கிக்கொண்டாள். பெட்டி திறந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள், பிறகு அறைக் கதவுப் பக்கம் கையைக் காட்டினாள்: "நான் கூட்டி முடிக்கிற வரைக்கும் நீங்க வெளிய நில்லுங்க. அப்புறம் யாரு என்ன செஞ்சாங்கன்னு உங்களுக்குக் குழப்பம் வராதுங்க."

ஆக, நான் லைன் பார்த்த காலத்தில் அந்த ஒன்றரைக் கிலோமீட்டரில் இருந்த ஒரே பழுது நான்தான், அதையும் காசு கேட்காமல் வந்த ஒரு புரோகிராம்தான் கண்டுபிடித்தது.