அஞ்சு பாத்ரூம் படம்

ஒரு படம் நன்றாக அமைந்துவிட்டால் அதை அப்படியே விட்டுவிட வேண்டும். நன்னிலம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, தஞ்சாவூரில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிற எனக்கு இது தெரிகிறது. கோடி கோடியாய்க் கொட்டிப் படம் எடுக்கிறவர்களுக்குத் தெரிவதில்லை.

நான் சொல்வது டிவியில் வருஷா வருஷம் அரையாண்டு லீவில் போடுகிற கிறிஸ்துமஸ் படம். வெளிநாட்டுப் படம், தமிழ் டப்பிங். யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாத ஓர் அப்பா, பண்டிகைக்குச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டு வைத்துவிடுவார். பதினேழு பேர் வந்து இறங்குவார்கள். வெளியே பனி கொட்டும், யாரும் கிளம்ப முடியாது. வீட்டில் இருப்பது ஒரே ஒரு பாத்ரூம். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நாம் ஒரு வரியில் சொல்லி முடித்ததை அவர்கள் ஒன்றரை மணி நேரம் எடுத்திருந்தார்கள். அவ்வளவுதான் கதை.

எங்களுக்கு அது கதையாகவே தெரியவில்லை. பனிக்குப் பதில் மழையைப் போட்டால் எங்கள் வீட்டு டிசம்பர். சம்பா வயலில் தண்ணீர் நிற்கும், கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைத்த வைக்கோல் நமுத்துப் போகும், வாசலில் கட்டிய ஸ்டார் நனைந்து தொங்கும், திருச்சியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் வந்த சித்தப்பா பெரியப்பா குடும்பங்கள் கொல்லையில் இருக்கும் ஒரே பாத்ரூமுக்கு வரிசை கட்டும். படத்தில் குளிரில் நடுங்கும் மாமா ஒருவர் கதவைத் தட்டி, "உள்ள இருக்கறது மனுசனா மாடா?" என்று கத்துவார். உள்ளேயிருந்து பதில் வரும்: "மாடுதான்! கொஞ்சம் பொறு, கொம்பக் கழட்டிட்டு வர்றேன்!" இங்கிலீஷில் என்ன சொன்னார்களோ தெரியாது. டப்பிங் எழுதிய மகராசன் யாரோ, அவர் ஒரே பாத்ரூம் உள்ள வீட்டில் வளர்ந்தவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மூடிய கதவைக் கண்டால் தட்டாமல் இருக்க முடியாது. அந்தப் படம் வந்ததிலிருந்து எந்த பாத்ரூம் கதவானாலும் அதே வசனம்தான்.

அந்த வழக்கம் எங்களை ஒருநாள் நன்றாக மாட்டிவிட்டது. என் தங்கையைப் பெண் பார்க்கத் தஞ்சாவூரிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளை கால்நடை மருத்துவர், எங்கள் ஊர்ப் பேச்சில் மாட்டு டாக்டர். அம்மா காபி கலந்துகொண்டிருந்தாள். அப்பா கொல்லைப் பக்கம் போனார், கதவு சாத்தியிருந்தது, பழக்க தோஷம், படபடவென்று தட்டி, "உள்ள இருக்கறது மனுசனா மாடா?" என்று கத்திவிட்டார். உள்ளே இருந்தது மாப்பிள்ளை.

வீடே உறைந்து நின்றது. அப்போது உள்ளேயிருந்து நிதானமாக ஒரு குரல்: "மாடுதான்! கொஞ்சம் பொறு, கொம்பக் கழட்டிட்டு வர்றேன்!"

தங்கை அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு அப்போதே கல்யாணச் சாப்பாடு மணத்தது. ஆனால் அவளைப் பற்றி எனக்குத் தெரியும். அவள் நர்ஸ். ஊசி வலிக்குமா என்று நோயாளி கேட்டால் வலிக்கும் என்பாள். எவ்வளவு வலிக்கும் என்று கேட்டால் அதையும் சொல்வாள். அவர்கள் கிளம்பிப் போனதும் என்னைத் தனியே இழுத்தாள்.

"பாத்ரூம்குள்ள நல்லாத்தான் பேசுனாரு. வெளிய வந்து என்ன பண்ணாரு பாத்தியா? அம்மா செஞ்ச அதிரசம் தீஞ்சு போயிருந்துச்சு. சூப்பருங்கன்னு நாலு தின்னாரு. அவங்க அப்பா என்ன சொன்னாலும் தலையாட்டுறாரு, நம்ம அப்பா என்ன சொன்னாலும் தலையாட்டுறாரு. மாட்டு டாக்டரா இருக்கட்டும்க்கா. பூம்பூம் மாடா இருந்தா நான் என்ன பண்ணுவேன்?"

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு சொல்லுவாங்கடி," என்றாள் பின்னாலேயே வந்து நின்ற அம்மா.

"தீஞ்ச அதிரசம் அதுல எத்தனாவது?" என்று கேட்டாள் தங்கை.

எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று வாசிப்பார்கள். அதற்கு ஓலை என்று பெயர். இப்போது கம்ப்யூட்டரில் அடித்த தாள்தான், பெயர் மட்டும் ஓலை. அதை ஒருமுறை வாசித்துவிட்டால் ஊருக்கே தெரிந்துவிடும், பின்வாங்கினால் மானம் போகும். ஜனவரியில் கல்யாணம் என்றால் வருகிற ஞாயிறு முதல் ஓலை வாசித்தாக வேண்டும், சனிக்கிழமை இரவுக்குள் பங்குச் சாமியாரிடம் பெயர் கொடுக்க வேண்டும். தங்கை ஒரே நிபந்தனை போட்டாள். அந்த ஆள் அப்பா அம்மா முன்னால் ஒரு உண்மையாவது பேசுவதைத் தான் பார்க்க வேண்டும், பார்த்தால்தான் பெயர்.

அந்த நேரம் பார்த்துத்தான் படத்தின் இரண்டாம் பாகம் தஞ்சாவூருக்கு வந்தது. இரண்டு குடும்பத்துக்கும் பிடித்த படம், சேர்ந்து போகலாம், பேசிப் பழகலாம் என்று யோசனை சொன்னது நான்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது எங்கள் வீட்டில் மூத்தவள் வேலை. சனிக்கிழமை மதியக் காட்சிக்கு எங்கள் வீட்டில் நாலு பேர், அவர்கள் வீட்டில் மூன்று பேர். என் வீட்டுக்காரர் தலைவலி என்று படுத்துக்கொண்டார். அவர் எதையும் முன்கூட்டி உணர்கிற மனிதர்.

படம் தொடங்கிய ஐந்தாவது நிமிஷம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் குடும்பத்துக்கு லாட்டரி விழுந்துவிட்டதாம். கடற்கரையில் பங்களா வாங்கிவிட்டார்களாம். பதினேழு பேரில் ஒன்பது பேரைக் காணோம், எங்கே போனார்கள் என்று கேட்கப் படத்தில் ஒரு நாதி இல்லை. அப்பாவுக்குப் பழைய டப்பிங் குரல் இல்லை, யாரோ இருபது வயசுப் பையன் பேசுகிறான். ஒரு நாய் பேசுகிறது, அதுவும் பஞ்ச் டயலாக். எல்லாவற்றுக்கும் மேலாக, பங்களாவில் ஐந்து பாத்ரூம். நான் கேட்கிறேன், ஐந்து பாத்ரூம் இருக்கிற வீட்டில் என்ன சிரிப்பு வரும்? யார் யாரை அவசரப்படுத்துவார்கள்? கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் அப்பா ஹெ ஹெ ஹெ என்றார்.

பக்கத்தில் இருந்த என் அப்பா திடுக்கிட்டுத் திரும்பினார். சம்பந்தி சிரிக்கிறார்! இன்னும் ஓலையே வாசிக்கவில்லை, அவருக்கு அதற்குள் சம்பந்தி. சம்பந்தியைத் தனியாகச் சிரிக்க விடுவது மரியாதையா? அப்பாவும் ஹஹ்ஹா என்றார். பெண் வீட்டுக்காரர் சிரிப்பதைப் பார்த்த மாப்பிள்ளையின் அப்பா, பதில் மரியாதைக்கு இன்னும் உரக்கச் சிரித்தார். அம்மா என் இடுப்பில் இடித்தாள். "சிரிடி, தப்பா நெனைப்பாங்க." நானும் சிரித்துத் தொலைத்தேன். நாய் கடலில் விழுந்தது, சிரித்தோம். நாய் கடலிலிருந்து ஏறியது, அதற்கும் சிரித்தோம். தியேட்டரில் மற்றவர்கள் படத்தை விட்டுவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். கோடியில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். என் தங்கை மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, படத்தைப் பார்க்காமல், அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடைவேளையில் பாப்கார்ன் வாங்கிக்கொண்டு எல்லாரும் நின்றோம். "முதல் பார்ட்ட விட ஒரு படி மேலங்க," என்றார் என் அப்பா. "ஒரு படியா? மூணு படிங்க!" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. தங்கை நேரே மாப்பிள்ளையிடம் போனாள்.

"உங்களுக்குப் படம் எப்படி இருக்குங்க?"

அவர் தன் அப்பாவைப் பார்த்தார், எங்கள் அப்பாவைப் பார்த்தார், கையிலிருந்த பாப்கார்னைப் பார்த்தார்.

"நல்லாத்தாங்க இருக்கு," என்றார்.

லேடீஸ் டாய்லெட் வரிசையில் தங்கை என் காதருகே வந்தாள். "ஓலை வேணாம்க்கா. நீயே அப்பாகிட்ட சொல்லிடு." அவள் குரல் உடைந்திருந்தது. அப்போதுதான் அவளுக்கு அந்த ஆளை எவ்வளவு பிடித்திருந்தது என்று எனக்குப் புரிந்தது. எனக்கும் அழுகை வந்தது. இவ்வளவு கேவலமான ஒரு படத்தால் ஒரு நல்ல சம்பந்தம் போகிறதே என்று ஆத்திரமும் வந்தது.

இரண்டாம் பாதியையும் சிரித்தே முடித்தோம். எனக்குத் தாடை வலித்தது.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. தியேட்டர் வாசல் கூரையின் கீழ் எல்லாரும் ஒதுங்கினோம். அப்பாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைச் செருமினார்.

"இவ்வளவு ரசிச்சுப் பாத்தீங்க. எனக்கு மனசு நெறஞ்சு போச்சுங்க. நாளைக்கு சாயங்காலம் என் மூத்த மகளயும் மருமகனயும் கூட்டிக்கிட்டு எல்லாருமா இன்னொரு தடவ வருவோமே?"

அப்பாவின் முகம் வெளிறியது. ஆனாலும் பெண்ணைப் பெற்றவர் இல்லையா? "அதுக்கென்னங்க, வந்துட்டாப் போச்சு," என்றார்.

"வேணாம்ப்பா!"

கத்தியது மாப்பிள்ளை. மழைக்கு ஒதுங்கி நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"படம் குப்பைப்பா. சத்தியமா முடியல. நானும் ரெண்டு மணி நேரமா பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். அவங்க சிரிக்கிறாங்கன்னு நீங்க சிரிச்சீங்க, நீங்க சிரிக்கிறீங்கன்னு நான் சிரிச்சேன். மாட்டுக்குப் பிரசவம் பாத்தப்பகூட நான் இவ்வளவு கஷ்டப்பட்டதில்ல."

அவர் அப்பா திகைத்துப் போனார். "நான் எங்கடா முதல்ல சிரிச்சேன்? ஏசி குளிருக்கு இழுப்பு வந்து இருமுனேன். இவருதான் சிரிக்க ஆரம்பிச்சாரு."

என் அப்பா வாயைப் பிளந்தார். "இருமுனீங்களா? அப்ப நான் எதுக்குங்க சிரிச்சேன்?"

என் அம்மாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அடுத்து அப்பா. அவர் சம்பந்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுது அழுது சிரித்தார். சம்பந்திக்குச் சிரிப்பு எது இருமல் எது என்று இந்தத் தடவையும் பிரிக்க முடியவில்லை. நான் அந்த நாயைப் பற்றி மனசில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். ஐந்து பாத்ரூமைப் பற்றி அதைவிட அதிகமாகக் கொட்டினேன். தங்கை மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அவள் முகம் தெளிந்துவிட்டது. அப்பாடா என்று நினைத்தேன்.

அப்போது மாப்பிள்ளையின் அம்மா மெதுவாகச் சொன்னார்.

"எனக்குப் புடிச்சிருந்துச்சு."

அதுவரை அவரை யாரும் கவனிக்கவில்லை. நாங்கள் சிரித்த இடத்திலெல்லாம் அவரும் சிரித்தாரா என்று எனக்கு நினைவே இல்லை.

"முதல் படத்துல அந்த வீட்டம்மா பதினேழு பேருக்கு ஆக்கிக் கொட்டிக்கிட்டே இருந்துச்சு. எல்லாரும் பாத்ரூம் போயிட்டு வந்தாங்க, அது ஒரு தடவகூட உள்ள போகல. நீங்கள்லாம் சிரிச்சீங்க. இந்தப் படத்துலதான் அதுக்குன்னு ஒரு பாத்ரூம். உள்ள தாப்பா போட்டுக்கிட்டு, சும்மா உக்காந்து, பாட்டுக் கேட்டுச்சு பாருங்க." சொல்லிவிட்டு, தான் அதிகம் பேசிவிட்டதுபோல் சிரித்து மழுப்பினார். "எனக்கென்ன தெரியும். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

எனக்கு முகத்தில் அறைந்தது மாதிரி இருந்தது. முதல் படத்தை நான் பத்துத் தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன். படத்து அம்மா உள்ளே போகாததை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டு வரிசையில் என் அம்மா எப்போது நின்றாள் என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. என் அம்மாவும் சிரிப்பை நிறுத்திவிட்டு மாப்பிள்ளையின் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை இப்போதுதானே குப்பை என்று சொன்னார். எல்லாரும் தரையைப் பார்த்தோம்.

என் தங்கைதான் நகர்ந்துபோய் அந்த அம்மாவின் கையைப் பிடித்தாள். அதுவரை அவரை அவள் ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டிருந்தாள்.

"எனக்கும் புடிச்சிருந்துச்சு அத்தை," என்றாள். "நாளைக்கு நாம ரெண்டு பேரு மட்டும் வருவோம்."

ஊசி வலிக்கும் என்று சொல்கிறவள், கண் கொட்டாமல் சொன்னாள். மாப்பிள்ளை அவளைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். அப்பாவுக்கு வேறெதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அங்கிருந்தே சாமியாருக்குப் போன் போட்டார்.

மறுநாள் காலைப் பூசையில் பெயர் வாசித்தார்கள். சாயங்காலம் இடைவேளை நேரத்துக்குத் தங்கையிடமிருந்து போன்.

"ரெண்டாவது தடவையும் நல்லா இல்லக்கா," என்று கிசுகிசுத்தாள்.

"அத்தை?"

"சிரிக்கிறாங்க. நானும் சிரிச்சேன்."

"பொய்யாவா?"

தியேட்டர் மணி அடிப்பது போனில் கேட்டது.

"தெரியலக்கா," என்றாள்.