அண்ணிக்குப் போட்ட பூஜ்யம்

ஷிப்ட் கணக்கைக் கம்ப்யூட்டரில் மறுபடியும் ஓட்டினான். திரையில் கட்டங்கள் கலைந்து, இடம் மாறி, நின்றன. வியாழக்கிழமை மாலை ஷிப்டில் அதே பெயர், அண்ணியின் பெயர்.

"பாத்தீங்கல்ல அண்ணி. நான் என்ன பண்றது?"

நாற்காலிக்குப் பின்னால் நின்ற அண்ணி குனிந்து பார்த்தாள். அவள் கையில் நகைக்கடன் பெட்டகத்தின் சாவி. "அது என்ன பண்ணும் பாவம், மிஷின்தானே" என்றாள்.

பக்கத்து மேஜைக்காரன் காதிலிருந்த மைக்கைத் தள்ளிவிட்டான். தவணை தவறியவர்களுக்கு நாளெல்லாம் போன் போடுகிறவன். அலுவலகத்தில் அவன் பெயரே மைக்.

"அக்கா, அந்தக் கம்ப்யூட்டருக்கு உங்கமேல ஒருதலைக் காதல். வியாழக்கிழமை வந்தா வீட்டுக்கு விட மனசே வரமாட்டேங்குது."

"அதுக்காவது என்மேல ஆசை இருக்கு. உன்கிட்ட திட்டறதுக்குத் தவிர யாராவது வாயைத் திறக்குறாங்களா?"

மைக் சிரித்தான். அவளும் சிரித்தாள். கணக்கை ஓட்டியவன் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனை எல்லோரும் அட்டவணை என்பார்கள். முன்பு டியூஷன் சென்டரில் கணக்கு சொல்லிக்கொடுத்தான். இந்த நிதி நிறுவனத்தில் சேர்ந்தபோது ஷிப்டுகளைப் பழைய மேலாளர் பென்சிலால் போட்டுக்கொண்டிருந்தார். வேண்டியவர்களுக்குக் காலை, வேண்டாதவர்களுக்கு மாலை. அதை ஒழிக்க அவன் ஒரு கணித மாதிரி எழுதினான். ஒவ்வொருவரின் விருப்பத்துக்கும் ஓர் எண். விருப்பத்தை மீறினால் அந்த எண் அபராதமாகச் சேரும். மொத்த அபராதம் எந்த ஏற்பாட்டில் மிகக் குறைவோ அதுவே அந்த வார அட்டவணை. ஷிப்டுகளைத் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளக் கூடாது என்ற விதியையும் அவனே வைத்தான். விட்டால் பழையபடி முகதாட்சண்யம் நுழைந்துவிடும்.

முதல் அட்டவணையில் அண்ணிக்கு நல்ல ஷிப்டுகள் விழுந்தன. தற்செயல்தான். ஆனால் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் யாரோ சொன்னது காதில் விழுந்தது: "கொழுந்தன் கணக்கு போட்டா அண்ணிக்குக் காலைதான்." அன்று மாலையே அண்ணியின் எண்ணைப் பூஜ்யமாக்கினான். அவளை எங்கே தூக்கிப் போட்டாலும் கணக்குக்கு இனி வலிக்காது. பேச்சு அடங்கட்டும், மாற்றிவிடலாம் என்று நினைத்தான். பேச்சு அடங்கியது. மேலாளர் கூட்டத்தில் எழுந்து நின்று, பாரபட்சம் பார்க்காதவன் என்று அவனைப் பாராட்டினார். அவன் மாற்றவில்லை. மறந்துவிட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். ஒவ்வொரு வாரமும் அந்தப் பூஜ்யத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டு மறந்தேன் என்று எப்படிச் சொல்வது?

பிறகு அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. பேச்சுப் பயிற்சிக்குக் கிடைத்தது வியாழன் மாலை ஒரு மணிநேரம். யாராவது கூட்டிப்போனால் போதாது. வீட்டில் கூட இருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். அண்ணி பல வாரம் தவறவிட்டாள். பெட்டகச் சாவி வைத்திருப்பவருக்கு மாலை ஷிப்டில் விடுப்பு கிடையாது. இந்த வாரமும் வராவிட்டால் நேரத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் இன்று வந்து கேட்டாள். அவனும் ஓட்டிக் காட்டினான்.

அன்று மாலை அண்ணன் வீட்டுக்குப் போனான். அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். அவனிடம் மிச்சமிருந்தது ஒரே சொல். தம்பியைக் கண்டதும் முகம் மலர்ந்து, "போதும், போதும்" என்று நாற்காலியைக் காட்டினான்.

"உட்காரச் சொல்றார்" என்றாள் அண்ணி. "சோறு கேட்டாலும் அதுதான், கரண்ட் போனாலும் அதுதான். நானும் பழகிட்டேன்."

அவன் உட்காரவில்லை.

"அண்ணி, அந்தக் கணக்குல உங்களுக்கு நான் பூஜ்யம் போட்டிருக்கேன்."

"அப்படின்னா?"

"உங்களுக்கு எது கஷ்டம்னாலும் அதுக்குத் தெரியாது. மத்தவங்க கஷ்டம் எல்லாம் தெரியும்."

"எனக்கு மட்டுமா?"

"ஆமா. சொந்தக்காரிக்குச் சாதகம் பண்றேன்னு பேசினாங்க. அதனால..."

அவள் மடித்துக்கொண்டிருந்த துண்டை மடித்து முடித்தாள்.

"கொழுந்தன் இருக்கான், உனக்கென்ன குறைன்னு எல்லாரும் கேலி பண்ணுவாங்க. நானும் பெருமையாச் சிரிச்சிட்டு இருந்தேன். உன் பேரைக் காப்பாத்த எங்க வீட்டு வியாழக்கிழமைதான் கிடைச்சுதா தம்பி?"

அண்ணன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். ஏதோ சரியில்லை என்று மட்டும் புரிந்திருக்க வேண்டும். "போதும்" என்றான், கெஞ்சுவதுபோல.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அண்ணி. "காலையில மேலாளர்கிட்ட சொல்லு. எல்லாரும் இருக்கும்போது சொல்லு."

மறுநாள் வியாழக்கிழமை. கவுண்டர் திறக்குமுன் மேலாளர் அறையில் அவன் சொன்னான். மற்றவர்களையும் கூப்பிடச் சொன்னான், மேலாளர் கூப்பிடவில்லை. "அடுத்த வாரத்துலேர்ந்து மாத்திக்கோ. இந்த வாரத்துக்கு ஒட்டின அட்டவணையைக் கிழிச்சா ஆளுக்கு ஆள் வந்து நிப்பாங்க" என்றார். அவனே வெளியே வந்து சொன்னான். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் பேசியவர்கள் அவரவர் கவுண்டருக்குப் போனார்கள். மைக் மட்டும், "அட்டவணை, நீ என்னப்பா இப்படி?" என்றான், பிறகு மைக்கை இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்த போன் எண்ணை அழுத்தினான். அவன் தன் கணக்கைத் திறந்து, அண்ணியின் எண்ணை எல்லோருக்கும் உள்ளபடி மாற்றி, அடுத்த வாரத்துக்கு ஓட்டினான். வியாழன் மாலை வேறொருத்திக்கு விழுந்தது. மதியம் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அண்ணனைப் பயிற்சிக்கு அழைத்துப்போனான். வீட்டில் கூட இருப்பவர் யார் என்று கேட்டார்கள். அண்ணி என்று சொன்னான். இன்றும் அவர் வரவில்லையே என்றார்கள். அந்த நேரம் ஒரு பள்ளி ஆசிரியைக்குப் போயிற்று. அண்ணனைக் காத்திருப்போர் வரிசையில் எழுதிக்கொண்டார்கள். அண்ணனை வீட்டில் விட்டுவிட்டு, ஷிப்ட் முடியும் நேரத்தில் அலுவலக வாசலில் போய் நின்றான். அண்ணி பெட்டகத்தைப் பூட்டிவிட்டு வந்தாள். நடந்ததைச் சொன்னான். சரி என்றாள். பஸ்ஸில் அவள் முன்பக்கம் உட்கார்ந்தாள், அவன் பின்னால் நின்றான்.