மூன்று மாடி ஏறிய செவலை

போன தை மாதம் ஒரு விடியற்காலை, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் நடந்தது இது. நான் அந்தப் பக்கத்து வீடுகளுக்குப் பால் ஊற்றுகிறவள். லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் நாமக்கல் குடும்பம் ஒன்று அங்கே புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்திருந்தது. அந்த வீட்டு அம்மணி என்னிடம் பால் வாங்குகிறவர்தான். "புது ஊட்டுக்குள்ள மொதல்ல உங்க மாடுங் கன்னுந்தான் கால் வைக்கோணுமுங்க அக்கா" என்று கூப்பிட்டிருந்தார்.

என் செவலைப் பசுவைக் குளிப்பாட்டி, கொம்புக்கு மஞ்சள் பூசி, கன்றோடு ஓட்டிக்கொண்டு போனேன். அந்த வீட்டை அதுவரை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. உள்ளே நுழைந்ததும் வாயைப் பிளந்து நின்றுவிட்டேன். அரை மாடி ஏறினால் ஒரு கூடம், இன்னும் அரை மாடி ஏறினால் சாப்பாட்டு அறை, அதற்கு மேல் படுக்கையறைகள் என்று வீடு அடுக்கடுக்காகப் போய்க்கொண்டே இருந்தது. தரையெல்லாம் வெள்ளைப் பளிங்கு. குனிந்தால் என் முகம் தெரிந்தது. படிகள் நல்ல அகலம், சின்னக் குழந்தைகூட ஏறுகிற உயரம். லிப்ட் வேறு. கட்டினால் இப்படிக் கட்ட வேண்டும் என்று மனசுக்குள் சபாஷ் போட்டுக்கொண்டேன்.

கீழ்க் கூடத்தில் கோபூஜை முடிகிற நேரம், வாசலில் யாரோ ஆர்வக்கோளாறில் சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். மிரண்ட கன்று கயிற்றை உருவிக்கொண்டு படியேறி ஓடியது. பெற்றவள் சும்மா இருப்பாளா? செவலையும் பின்னாலேயே பாய்ந்தது. நான் கத்திக்கொண்டே ஏறினேன். தாயும் கன்றும் மூன்று மாடியையும் தாண்டி மொட்டை மாடிக்கே போய்விட்டன.

அங்கே பார்த்தால் நிஜப் புல்வெளி! சுற்றிலும் பூந்தொட்டிகள், ஒரு ஊஞ்சல், தூரத்தில் ஏற்காட்டு மலைமேல் பனி. செவலை ஒன்றுமே நடக்காத மாதிரி புல்லை மேய்ந்துகொண்டிருந்தது. பின்னால் ஓடி வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கழுதைக்கு வந்த வாழ்வைப் பார் என்று செல்லமாகத் திட்டினேன்.

இறக்கும்போதுதான் சிரிப்பு நின்றது. ஏறத் தெரிந்தவளுக்கு இறங்கத் தெரியவில்லை. படியைப் பார்த்ததும் முன்னங்காலை ஊன்றிக்கொண்டு நகர மறுத்தாள். இழுத்தால் பளிங்கில் குளம்பு வழுக்கியது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள்; மாடு எந்த மூலைக்கு? கால் ஒடிந்த மாடு அடிமாட்டுக்குத்தான் போகும் என்பது மாடு வளர்க்கிறவர்களுக்குத் தெரியும். என் வீட்டு அடுப்பு எரிவதும் பிள்ளைகள் படிப்பதும் அந்த ஒரு மாட்டை நம்பித்தான். "லிப்டுல ஏத்தி உட்ரலாமா?" என்று ஒருவர் கேலி பேசினார்.

அம்மணியின் கணவர் நல்ல மனிதர்தான். உடனே போனை எடுத்து, "கிரேன் வரச் சொல்றனுங்க. வயித்துல பெல்ட்டக் கட்டி எறக்கிப்போடலாம்" என்றார். செவலை அந்தரத்தில் தொங்குவது என் கண்முன்னே வந்தது. "வேண்டாஞ்சாமி, மெரண்டு துள்ளுனா உசுரே போயிருமுங்க" என்று கன்றைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன்.

அம்மணி என் தோளைத் தொட்டுவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினார். "கிரேன் வேண்டாமுங்க. பக்கத்துல கட்டட வேலை நடக்குதல்லங்க, அங்கிருந்து மணல மூட்டையில அள்ளியாரச் சொல்லுங்க. படியச் சரிவாக்கிப்போடலாம்."

"புதுப் பளிங்குல மணலக் கொட்டுனா அத்தனையும் கீறிப்போயிருமே" என்றார் அவர்.

"கல்லு கீறுனா பாலீஷ் போட்டுக்கலாமுங்க. மாட்டுக் காலு ஒடிஞ்சா என்னத்தப் போடுவீங்க?"

அவர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். சமையல்காரர்களிலிருந்து சொந்தபந்தம் வரை எல்லாரும் மூட்டை சுமந்தார்கள். அம்மணி விருந்தாளிகளை எழுப்பிவிட்டு, அவர்கள் உட்கார்ந்திருந்த ஜமுக்காளங்களை உருவிக்கொண்டு வந்தார். படிக்குப் படி மணல் மூட்டை அடுக்கி, ஜமுக்காளத்தை விரித்து, அதன்மேல் மணலைத் தூவினோம். அப்பேர்ப்பட்ட வீடு கொஞ்ச நேரத்தில் ஆற்றங்கரை மாதிரி ஆகிவிட்டது.

கன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு அம்மணியின் கணவர் முன்னால் இறங்கினார். நாலு பேர் பின்னாலிருந்து கயிற்றைப் பிடித்துக்கொள்ள, கன்றின் குரலைக் கேட்டுச் செவலை ஒவ்வொரு காலாக எடுத்து வைத்தாள். ஒரு திருப்பத்தில் அவள் பின்னங்கால் ஜமுக்காளத்தைத் தாண்டிச் சறுக்கியது. சரக்கென்று பளிங்கு கீறும் சத்தம். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திறந்தபோது, அம்மணி தன் தோளை முட்டுக்கொடுத்து மாட்டைத் தாங்கிக்கொண்டிருந்தார். புதுப் பட்டுச் சேலை முழுக்க மணலும் மஞ்சளும்.

பத்திரமாகக் கீழ்க் கூடத்துக்கு வந்து சேர்ந்ததும் செவலை சாவகாசமாகச் சாணி போட்டாள். நான் கூசிக் குறுகிப்போனேன். அம்மணியோ கைதட்டிச் சிரித்தார். "மகாலட்சுமி மூணு மாடியும் சுத்திப் பாத்து ஆசீர்வாதம் பண்ணிட்டா. இனி என்ன கொறைங்க?" என்றவர், முதல் பந்தியில் என்னைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். எனக்குக் கண்ணீர்தான் வந்தது.

யாராவது பெரிய வீடு கட்டினால், 'பணம் இருக்கிறது, கட்டுகிறார்கள்' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்க்கொண்டிருந்தவள்தான் நான். இப்போதெல்லாம் அப்படி ஒரு வீட்டைப் பார்த்தால் அங்கேயும் இப்படி ஒரு அம்மணி இருப்பாரோ என்று தோன்றுகிறது; நல்லா இருக்கட்டும் என்று மனசார வாழ்த்திவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் பால் ஊற்றப் போகிறேன்.