பாண்டிச்செல்வி தலைவராயிருந்த இரண்டு வருடம்

பாண்டிச்செல்வி டீச்சராக ஆசைப்பட்டவள். விளாத்திகுளம் பக்கத்தில் பிளஸ் டூ முடித்ததும் ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பப் படிவம்கூட வாங்கி வைத்திருந்தாள். அந்த மாதம் ஊருக்குள் ஒரு வேன் வந்தது. ஃபேக்டரி வேலை, ஹாஸ்டல், சாப்பாடு என்று மைக்கில் சொன்னார்கள். அவளுக்குக் கீழே இரண்டு தங்கைகள் இருந்தார்கள். படிவத்தை நிரப்பாமலே வேனில் ஏறிவிட்டாள்.

அதன்பின் காஞ்சிபுரம் பக்கம் ஒரகடம்தான். வயர் கம்பெனியில் லைன் வேலை. அங்கேயே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்த வனமாமலையைக் கல்யாணம் செய்துகொண்டாள். சேரப்பணஞ்சேரிக்கு அந்தப் பக்கம் வரிசையாகக் கட்டிவிட்ட வாடகை அறைகளில் ஒன்றில் குடித்தனம். மகள் இசைவாணி பிறந்து, நடந்து, அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு வந்த வருடம் அது நடந்தது.

பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தேர்தல் என்று பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். பாதிப் பேர் ஷிஃப்டில் இருந்தார்கள். வந்தவர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிற அவசரத்தில் இருந்தார்கள். தலைவராக யார் நிற்கிறீர்கள் என்று தலைமையாசிரியை ஷெர்லின் கேட்டார். நைட் ஷிஃப்ட் முடித்து நேரே வந்திருந்த பாண்டிச்செல்வி, "நான் இருக்கேன் டீச்சர்" என்றாள். கேள்வி முடிவதற்கு முன்பே சொல்லிவிட்டோமோ என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது.

அந்தப் பள்ளிக்கு அப்போது ஒரு கவலை. நூற்று நாற்பது பேர் படித்த இடத்தில் தொண்ணூற்றாறு பேர்தான் மிச்சம். பிள்ளைகளில் பாதி, பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் வாடகை அறைகளிலிருந்து வர வேண்டும். இரண்டரை கிலோமீட்டர். டிரெய்லர் லாரிகள் ஓடுகிற ரோடு. கொண்டுவிட ஆளில்லாத வீடுகளில் பிள்ளைகளைத் தென்மாவட்டத்துச் சொந்த ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். சிலர் பள்ளியையே நிறுத்திவிட்டார்கள்.

மூன்றாம் மாதம் காஞ்சிபுரத்தில் இரண்டு நாள் பயிற்சி. ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் தலைமையாசிரியர், குழுத் தலைவர் இரண்டு பேரும் வர வேண்டும். சொந்தமாகத் தொழில் தொடங்குகிறவர் யோசிப்பதுபோலப் பள்ளியை நடத்துகிறவர்களும் யோசிக்கப் பழக வேண்டும் என்பதுதான் பயிற்சி. பாண்டிச்செல்வி சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஷெர்லின் டீச்சரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனாள்.

எல்லாப் பள்ளிக்காரர்களும் என்ன இல்லை என்று எழுத ஆரம்பித்தார்கள். சுற்றுச்சுவர் இல்லை, கழிப்பறையில் தண்ணீர் இல்லை. பயிற்சி கொடுக்க வந்த ரகுபதி என்பவர் தாள்களை வாங்கி ஓரமாக வைத்தார்.

"இது வருஷா வருஷம் எழுதுறதுதான். உங்க ஸ்கூலைச் சுத்தி எது சும்மா கெடக்குதுன்னு எழுதுங்க" என்றார்.

ஷெர்லின் டீச்சர் பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். பாண்டிச்செல்வி தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"டீச்சர், ஜெனரல் ஷிஃப்ட் பஸ்ஸு எட்டரைக்கு கம்பெனி வாசல்ல ஆளுவள எறக்கிட்டு, எட்டே முக்காலுக்கு நம்ம ரோட்டு வழியாத்தான் ஷெட்டுக்குத் திரும்பும். உள்ள ஒத்த ஆளு இருக்காது. சாயந்தரம் ஆளுவள ஏத்த வரும்போதும் நாலேகாலுக்கு காலியாத்தான் போகும்."

டீச்சர் பேனாவை அவளிடமே கொடுத்து, "நீங்களே எழுதுங்க" என்றார்.

பாண்டிச்செல்வியின் கம்பெனிக்குத்தான் முதலில் போனார்கள். கேட்டில் பார்வையாளர் அட்டை மாட்டிவிட்டார்கள். மனிதவள அதிகாரி மரியாதையாகப் பேசினார். காபி வந்தது. பிள்ளைகளைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றுவது காப்பீட்டில் வராது, வேண்டுமானால் பள்ளிக்கு வெள்ளையடித்துத் தருகிறோம் என்றார். அந்தச் சுவரில் ஏற்கெனவே இரண்டு கம்பெனிகள் வெள்ளையடித்திருந்தன.

ஷெர்லின் டீச்சர் அன்று சோர்ந்துவிட்டார். பாண்டிச்செல்விக்குத் தூக்கம் வரவில்லை. பஸ் கம்பெனியுடையது இல்லை, காண்ட்ராக்டருடையது என்பது அவளுக்குத் தெரியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் அறை வரிசையில் வாசல் வாசலாக ஏறி இறங்கி, அந்தக் காண்ட்ராக்டரிடம் வேலை செய்கிற டிரைவர்கள் யார் யார் என்று விசாரித்து எழுதிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் டீச்சரைக் கூட்டிக்கொண்டு வாலாஜாபாத்தில் புருஷோத்தமனின் ஷெட்டுக்குப் போனாள்.

"இன்னாம்மா இது, கம்பெனிக்காரனே வேணாம்னுட்டான். நான் எதுக்குத் தலையில போட்டுக்கணும்?" என்றார் அவர்.

"அண்ணாச்சி, ஒங்க டிரைவருவ அஞ்சு பேரு எங்க லைன் வீட்டுலதான் இருக்காவ. பிள்ளையள பள்ளிக்கூடத்துல விட ஆளில்லாம போன மாசம் ரெண்டு பேரு வேலைய விட்டுட்டாவல்லா?"

"ஆமா. அத்த ஏன் கேக்குற. ஆள் கெடைக்காம நானே ஸ்டீரிங் புடிச்சுகினு கீறேன்."

"அவுக பிள்ளையளும் இந்த பஸ்லயே வரட்டும். நிம்மதியா ஒங்ககிட்டயே இருப்பாவ. வண்டி எப்படியும் அந்த வழியாத்தான வருது."

புருஷோத்தமன் கன்னத்தைச் சொறிந்தார். "புள்ளைங்களுக்கு எதனா ஆச்சுன்னா?"

பாண்டிச்செல்வி மடித்து வைத்திருந்த தாளை நீட்டினாள். எந்த நாள் எந்த அம்மா பஸ்ஸில் கூட வருவாள் என்று எழுதியிருந்தது. நைட் ஷிஃப்ட் முடித்து வருகிற பெண்கள் பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். அவர் அதை இரண்டு தடவை படித்தார். "மூணு மாசம் ஓட்டிப் பாக்கலாம்" என்றார்.

அனுமதிக் கடிதத்துக்கும் பள்ளி ஓட்டத்துக்கென்று தனிக் காப்பீட்டுக்கும் ஷெர்லின் டீச்சர் ஒன்றரை மாதம் அலைந்தார். தை பிறந்ததும் பஸ் வந்தது. முதல் நாள் இருபத்தேழு பிள்ளைகள் ஏறினார்கள். அடுத்த ஜூனில் பள்ளியில் நூற்று முப்பத்தொரு பெயர். மூன்று மாதம் என்றது ஓடிக்கொண்டே இருந்தது. புருஷோத்தமன் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

அந்த இரண்டு வருடமும் பாண்டிச்செல்விக்கு வேறு ஒரு ஆள் ஆனதுபோல இருந்தது. தலைமையாசிரியை அறையில் இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில் அவளுக்கென்று ஒரு நாற்காலி. மாதம் ஒரு கூட்டம்தான் என்றாலும், நைட் ஷிஃப்ட் வாரத்தில் தினமும் காலையில் போய்விடுவாள். வருகைப் பதிவேட்டுக்குக் கோடு போட்டுக் கொடுப்பாள். ஒருநாள் அன்பு சார் விடுப்பு எடுத்திருந்தபோது, நான்காம் வகுப்புப் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அவள் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாள். வீட்டுக்கு வந்து கையில் இருந்த சாக்பீஸ் தூளைக் கழுவ வெகுநேரம் மனம் வரவில்லை.

இசைவாணி எட்டாவது முடித்தாள். அந்தப் பள்ளியில் அதற்கு மேல் வகுப்பு கிடையாது. படிக்கிற பிள்ளையின் தாய்தான் தலைவராக இருக்கலாம். ஆகஸ்டில் புதுக் குழு அமைந்தது. மூன்றாம் வகுப்புப் பையனின் அம்மா சசிரேகா தலைவரானாள். பாண்டிச்செல்வி ஃபைலை ஒப்படைத்து, எந்தக் கடிதம் எங்கே இருக்கிறது என்று பொறுமையாகக் காட்டிக்கொடுத்தாள். சால்வை போட்டார்கள். ஷெர்லின் டீச்சர், "எப்ப வேணும்னாலும் வாங்க பாண்டிச்செல்வி" என்றார். மனதாரத்தான் சொன்னார். ஆனால் எதற்கென்று போவது?

அதே வாரம் ராத்திரி, சோறு போட்டுக்கொண்டே கணவனிடம் சொன்னாள். "இன்னொரு பிள்ள பெத்துக்கிடுவமா?"

வனமாமலை சிரித்தான். "இப்ப என்ன திடீர்னு?"

"ஒண்ணாங்கிளாஸ்ல சேத்துவிடலாம்."

அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது. "செல்வி, நீ வேணும்னா தபால்ல படியேன். டிகிரி வாங்கு. நான் பாத்துக்கிடுதேன்."

"டிகிரி முடிச்சி, பி.எட். முடிச்சி, பரீச்ச எழுதி வேல கெடைக்கதுக்குள்ள எனக்கு நாப்பத்தஞ்சு ஆயிரும்."

அவன் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் குழம்பை ஊற்றினாள்.

இசைவாணி படப்பையில் ஒன்பதாம் வகுப்பு சேர்ந்திருந்தாள். அங்கேயும் குழுவுக்குத் தேர்தல் வந்தது. பாண்டிச்செல்வி பெயர் கொடுத்தாள். அறுபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள். அவளுக்கு ஏழு ஓட்டு விழுந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்து, தலைமையாசிரியர் வாசித்த குறைப் பட்டியலைக் கேட்டாள். சொல்ல அவளிடம் இரண்டு யோசனை இருந்தது. யாரும் கேட்காமலே கூட்டம் முடிந்தது.

பொங்கல் கழிந்து ஷெர்லின் டீச்சர் ஃபோன் செய்தார். வாலாஜாபாத் தாண்டி ஒரு பள்ளியில் இதே பிரச்சினை, அங்கே குழுவிலிருப்பவர்களுக்கு வந்து சொல்ல முடியுமா என்று கேட்டார். பாண்டிச்செல்வி அன்றைய ஓவர்டைமை விட்டுவிட்டுப் போனாள். எட்டுப் பேர் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். இருபது நிமிடம் பேசினாள். ஒரு பெண் மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டே இருந்தாள். டிரைவர்களின் பெயரை எப்படிக் கேட்டு வாங்கினீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பாண்டிச்செல்வி தன் நம்பரை எழுதிக் கொடுத்தாள்.

டீ குடித்துவிட்டு வெளியே வந்தபோது இடைவேளை முடிந்து பிள்ளைகள் வகுப்புகளுக்குள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவள் வராந்தாத் தூணோரம் ஒதுங்கி நின்றாள். கடைசிப் பிள்ளையும் போய், உள்ளே ஒரு டீச்சர் கரும்பலகையில் எழுதுகிற சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகும் நின்றுகொண்டிருந்தாள்.

அந்தப் பள்ளித் தலைமையாசிரியை எட்டிப் பார்த்தார். "எதனா வெச்சிட்டு வந்துட்டீங்களாம்மா?"

"இல்ல டீச்சர். வாரேன்" என்று சொல்லிவிட்டு, பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.